அம்மாவுக்கு பி12 ஊசி: மெத்திலா, சயனோவா, இல்லை கீரையே போதுமா?

செம்பூர்_கீதா:
எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 68 வயது. சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. சர்க்கரைக்குப் பல வருடங்களாக மெட்ஃபார்மின் போடுகிறார். கொஞ்ச நாளாக ராத்திரியில் பாதம் எரிகிறது, போர்வை பட்டாலே கூசுகிறது என்கிறார். போன வாரம் மார்க்கெட்டில் ஒரு கால் செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் வீடு வரை நடந்து வந்துவிட்டார். அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் பிடித்தது. ரத்தப் பரிசோதனையில் பி12 ஒரு மில்லிக்கு 138 பிகோகிராம். டாக்டர் பி12-இன் ஒரு வடிவமான மெத்தில்கோபாலமின் 1500 மைக்ரோகிராம் ஊசி ஒன்று விட்டு ஒரு நாள், அப்புறம் மாத்திரை என்று எழுதியிருக்கிறார். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தால் மெத்தில்கோபாலமினோடு பென்ஃபோடியமின், ஆல்ஃபா லிபோயிக் ஆசிட், பைரிடாக்சின், ஃபோலிக் ஆசிட் என்று ஒரு பட்டியலே இருக்கிறது.

முலுண்டில் இருக்கும் சித்தப்பா, "இதெல்லாம் ஃபேக்டரிச் சரக்கு, ஒரு வகை பி12-ல் சயனைடே இருக்கிறது, அண்ணிக்கு முருங்கைக்கீரையும் பழைய சோறும் கொடு" என்று ஒரே பிடியாக நிற்கிறார். அம்மாவும் ஊசி என்றாலே பின்வாங்குகிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சயான்_பார்மசிஸ்ட்:
கீதா மேடம், முதலில் ஊசியை ஆரம்பித்துவிடுங்கள், மற்றதை அப்புறம் பேசுவோம். 200-க்குக் கீழே போனாலே பொதுவாகக் குறைபாடு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். செருப்பு கழன்றது தெரியவில்லை என்றால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது. ரத்தசோகை எத்தனை மாதம் கழித்துக் கவனித்தாலும் சரியாகிவிடும். நரம்பு அப்படியில்லை, தள்ளிப்போடப் போட, திரும்பி வருவது குறையும்.

ஊசி மருந்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் நல்ல சிவப்பாக இருக்கும். கோபாலமின், அதாவது பி12, எந்த வகையானாலும் சிவப்புதான், நடுவில் இருக்கும் கோபால்ட்டால் வரும் நிறம். மெத்தில் வகைக்கு வெளிச்சம் ஆகவே ஆகாது, சீக்கிரம் சிதைந்துவிடும். அதனால்தான் பழுப்புக் குப்பி. சில வீடுகளில் அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் குப்பிகளைச் சமையலறை ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்திருப்பார்கள். அப்படி வைக்காதீர்கள், ஊசி போடும் நேரத்தில் வெளியே எடுத்தால் போதும்.

மாத்திரை அட்டையில் ஒன்றே ஒன்று பாருங்கள்: பைரிடாக்சின் எத்தனை மில்லிகிராம்? அது பி6. ஒரு நாளைக்கு நமக்குத் தேவை 2 மில்லிகிராம் சொச்சம். கூட்டு மாத்திரைகள் சிலவற்றில் ஓரிரு மில்லிகிராம்தான் இருக்கும், சிலவற்றில் அதைப்போல் பல மடங்கு. அதிக அளவு பி6-ஐ மாதக்கணக்கில் எடுத்தால் அதுவே பாதத்தில் எரிச்சலும் மரத்துப்போதலும் கொண்டுவரும். நோய்தான் குறையவில்லை என்று நினைத்து அதே மாத்திரையை இன்னும் தொடர்வார்கள். இந்த ஒரு வரியை மட்டும் யாருமே படிப்பதில்லை.

தானே_ராகவன்:
உங்கள் சித்தப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது அம்மா. நம் பாட்டிமார்கள் யாரும் ஊசி போட்டுக்கொண்டு வாழவில்லை. மாட்டுங்கா மார்க்கெட்டில் முருங்கைக்கீரை, அகத்திக்கீரை எல்லாம் கிடைக்கிறது. வீட்டில் தயிர் தோய்க்கலாம், பழைய சோறு வைக்கலாம். பாக்டீரியாதான் பி12 செய்கிறது என்கிறார்கள், பழைய சோற்றில் இல்லாத பாக்டீரியாவா? உடம்பு உணவிலிருந்து எடுத்துக்கொள்ளத்தான் படைக்கப்பட்டிருக்கிறது. ஆய்வகத்தில் செய்த மூலக்கூறை ஏன் நம்ப வேண்டும்? நான் சண்டைக்குக் கேட்கவில்லை. என் தங்கைக்கும் இதே போல் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

வடாலா_டீச்சர்:
ராகவன் சார், நான் கல்லூரியில் உயிர்வேதியியல் எடுக்கிறேன். உங்கள் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன்.

பி12-ஐச் செய்யத் தெரிந்தவை நுண்ணுயிரிகள் மட்டும்தான். செடி செய்யாது, மாடு செய்யாது, மனிதனும் செய்ய மாட்டான். மாட்டின் இரைப்பையில் இருக்கும் பாக்டீரியா செய்வது பாலில் கொஞ்சம் வருகிறது. ஒரு பெரிய டம்ளர் பாலில் சுமார் 1 மைக்ரோகிராம். நமக்கு நாளொன்றுக்கு 2 மைக்ரோகிராம் அளவில் தேவை. முருங்கைக்கீரையில் நல்ல சத்துகள் பல உண்டு, பி12 மட்டும் கிடையாது. பழைய சோற்றைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாக்களை நம்பி நரம்புக் கோளாறைச் சரிசெய்ய முடியாது. எல்லா பாக்டீரியாவும் பி12 செய்வதில்லை. ஸ்பைருலினா மாத்திரை விற்பவர்களும் பி12 இருக்கிறது என்பார்கள். அதில் பெரும்பகுதி, பார்வைக்கு பி12 போலவே இருந்தும் நம் உடம்பில் வேலை செய்யாத வேறொரு மூலக்கூறு.

இப்போது ஃபேக்டரி விஷயம். பி12-ஐ முழுக்க முழுக்க வேதியியல் முறையில் செய்து காட்டினார்கள், ஹார்வர்டில் உட்வர்டும் சூரிச்சில் எஷன்மோசரும். நூறு பேருக்குப் பக்கமாகச் சேர்ந்து பத்து வருடத்துக்கு மேல் உழைத்து 1972-ல் முடித்தார்கள். அந்த வழியில் இன்று யாரும் மருந்து தயாரிப்பதில்லை, அவ்வளவு நீளமான வழி. தொழிற்சாலையில் நடப்பது என்ன என்றால், பெரிய தொட்டிகளில் பாக்டீரியாவை வளர்த்து, அது செய்த பி12-ஐப் பிரித்தெடுக்கிறார்கள். பிரிக்கும்போது சயனைடு சேர்த்தால் மூலக்கூறு நிலையாக நிற்கிறது, படிகமாகவும் கிடைக்கிறது. அதுதான் சயனோகோபாலமின். அந்தச் சயனைடை எடுத்துவிட்டு மெத்தில் குழுவைப் பொருத்தினால் மெத்தில்கோபாலமின். ஆக ஊசியில் இருப்பதும் பாக்டீரியா செய்ததுதான் சார், தலையில் இருக்கும் ஒரு சின்னக் குழுவை மட்டும் மனிதன் மாற்றியிருக்கிறான்.

சயனைடு பயத்துக்கு வருவோம். 1000 மைக்ரோகிராம் சயனோகோபாலமினில் சயனைடு 20 மைக்ரோகிராம் அளவுதான். உடம்பு அதைச் சுலபமாக வெளியேற்றிவிடும். இன்னொன்று சொல்கிறேன். தீ விபத்துப் புகையில் சயனைடு விஷம் ஏறியவர்களுக்கு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மாற்று மருந்து ஹைட்ராக்சோகோபாலமின், அதாவது பி12-இன் இன்னொரு வடிவம், 5 கிராம் அளவில். அது ரத்தத்தில் உள்ள சயனைடைப் பிடித்துக்கொண்டு சயனோகோபாலமினாக மாறிச் சிறுநீரில் போய்விடும். சித்தப்பா பயப்படும் அதே மூலக்கூறாகத்தான் விஷம் உடம்பை விட்டுப் போகிறது.

செம்பூர்_கீதா:
டீச்சர், இவ்வளவு விளக்கமாகச் சொன்னதற்கு நன்றி. அப்படியானால் மெத்தில்தான் உடம்புக்கு நேரடியாகப் போகும், சயனோ மட்டம் என்று கடையில் சொன்னார்களே, அது?

வடாலா_டீச்சர்:
அது விற்பனைப் பேச்சு கீதா. செல்லுக்குள் நுழைந்ததும் சயனோவாக இருந்தால் சயனைடும், மெத்திலாக இருந்தால் மெத்தில் குழுவும் கழற்றப்படுகின்றன, இரண்டையும் கழற்றுவது ஒரே புரதம். அப்புறம் செல் தனக்குத் தேவையானபடி மெத்தில் வடிவமாகவோ அடினோசில் வடிவமாகவோ மாற்றிக்கொள்ளும். நாம் பொருத்தி அனுப்பிய மெத்தில் அப்படியே போய் வேலைக்கு உட்காருவதில்லை. பிரிட்டனில் வழக்கமாகப் போடுவது ஹைட்ராக்சோ ஊசி, அமெரிக்காவில் சயனோ, நம் ஊரில் மெத்தில். மூன்று இடத்திலும் குறைபாடு சரியாகத்தான் செய்கிறது. லீபர் என்ற பரம்பரைக் கண் நரம்பு நோய் உள்ளவர்களுக்கு மட்டும் சயனோவைத் தவிர்க்கச் சொல்வார்கள். மற்றபடி டாக்டர் எழுதியது மெத்தில் என்றால் மெத்திலையே போடுங்கள். பெயரைப் பற்றி வாதம் செய்து ஊசியைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

பரேல்_சிஸ்டர்:
கீதா, நான் பரேலில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். உன் அம்மாவின் அட்டையில் ஃபோலிக் ஆசிட், அதாவது பி9, என்று எழுதியிருக்கிறாயே, அதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் அதன் கதையே எங்கள் பரேலில்தான் ஆரம்பிக்கிறது.

1928-ல் லூசி வில்ஸ் என்ற இங்கிலாந்து டாக்டரம்மா பம்பாய் வந்தார். இங்கே நெசவாலைத் தொழிலாளர் குடும்பங்களில் கர்ப்பிணிகளுக்குக் கடுமையான ரத்தசோகை, நிறையப் பேர் பிரசவத்தோடு செத்துப்போனார்கள். ரத்த அணுக்கள் சிறுத்துப் போகாமல் பெருத்துப் போயிருக்கும் வகை. பரேலில் இருக்கும் ஹாஃப்கின் ஆய்வு நிலையத்தில் உட்கார்ந்து அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்து, அதே சாப்பாட்டை எலிக்கும் அப்புறம் குரங்குக்கும் கொடுத்துப் பார்த்தார். அந்தச் சாப்பாட்டால் ரத்தம் குறைந்த குரங்குக்கு மார்மைட், அதாவது ஈஸ்ட் சாறு, கொடுத்ததும் தேறியது. அப்புறம் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார், அவர்களும் தேறினார்கள். 1931-ல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். நடுவில் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் மெட்ராஸ் கோஷா ஆஸ்பத்திரியிலும்கூட வேலை பார்த்திருக்கிறார். ஈஸ்டில் இருந்த அந்தச் சத்து என்னவென்று அப்போது யாருக்கும் தெரியாது. 1941-ல் பசலைக்கீரையிலிருந்து பிரித்தபோதுதான் ஃபோலிக் ஆசிட் என்று பெயர் வைத்தார்கள். 1945 வாக்கில் அதைச் செயற்கையாகச் செய்தது அமெரிக்காவில் லெடர்லே ஆய்வகம், அந்தக் குழுவை நடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்துக்காரர், படித்தது நம் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில். பம்பாய் மில் பெண்களின் நோயில் ஆரம்பித்த தேடல், மெட்ராஸில் படித்த ஒருவர் கையில் மாத்திரையாக முடிந்தது. எனக்கு இன்றைக்கும் இதை நினைத்தால் மெய்சிலிர்க்கும்.

ராகவன் சாருக்காக ஒன்று. கீரையில் இருக்கும் இயற்கை வடிவமான ஃபோலேட் வேறு, மாத்திரையில் இருக்கும் ஃபோலிக் ஆசிட் வேறு. கீரையில் இருப்பது கொதிக்கக் கொதிக்கப் பாதி போய்விடும். மாத்திரையில் இருப்பது நிலையானது, உணவில் இருப்பதைவிட நன்றாக உறிஞ்சப்படும். கரு உண்டாகும் முன்பே தினமும் 400 மைக்ரோகிராம் எடுத்தால் குழந்தைக்கு முதுகுத் தண்டு மூடாமல் போகும் குறை பெருமளவு தடுக்கப்படுகிறது. ஏற்கெனவே அப்படி ஒரு குழந்தை பிறந்த தாய்மாருக்கு 4 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த சோதனை 1991-ல் வெளிவந்தது, நான்கில் மூன்று பங்குக்குக் கிட்டத்தட்டக் குறைந்தது. இந்த விஷயத்தில் செயற்கை வடிவம் கீரையை ஜெயித்துவிட்டது, ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் கீதா, இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பி12 குறைவாக இருக்கும்போது ஃபோலிக் ஆசிட் மட்டும் கொடுத்தால் ரத்தம் ஏறிவிடும், முகம் தெளிந்துவிடும், ரிப்போர்ட் நன்றாக வரும். நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும். மாத்திரை புதிதாக வந்த நாற்பதுகளிலேயே இதைப் பார்த்துவிட்டார்கள். இன்னும் 5 மில்லிகிராம் ஃபோலிக் ஆசிடைத் தானாகக் கடையில் வாங்கிப் போடுபவர்கள் இருக்கிறார்கள். உன் அம்மாவுக்கு பி12 ஊசி முதலில், ஃபோலிக் அதற்குத் துணை. இந்த வரிசை மாறக்கூடாது.

தாராவி_முத்து:
சிஸ்டர் அக்கா, டீச்சர், எனக்கும் ஒரு சந்தேகம். அப்பா நிறையக் குடிப்பார். சாப்பாடு சரியாகக் கிடையாது. ஒரு நாள் காலையில் எழுந்து நடக்கும்போது தள்ளாடினார், பேச்சு சம்பந்தமில்லாமல் போனது, கண் ஒரு இடத்தில் நிற்கவில்லை. போதைதான் என்று நாங்கள் இருந்துவிட்டோம், பக்கத்து வீட்டு அண்ணாச்சிதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார். அங்கே குளுக்கோஸ் ஏற்றும் முன்னால் தயமின் ஏற்றினார்கள். இப்போது தேறி வீட்டில் இருக்கிறார். கீதா அக்கா அட்டையில் இருக்கும் பென்ஃபோடியமினும் அதே பி1 வகைதான் என்கிறார்களே, அதை வாங்கிக் கொடுத்தால் போதுமா?

வடாலா_டீச்சர்:
தம்பி, உங்கள் அண்ணாச்சி சரியான நேரத்தில் சொல்லியிருக்கிறார். தள்ளாட்டம், குழப்பம், கண் அசைவுக் கோளாறு மூன்றும் சேர்ந்தால் வெர்னிக் என்கெஃபலோபதியாக இருக்கலாம், மூளைக்கு பி1 கிடைக்காமல் வருவது. அங்கே ரத்தக் குழாய் வழியே ஏற்றும் சாதாரண தயமின்தான் மருந்து. பென்ஃபோடியமின் அதற்கு மாற்று இல்லை.

காரணம் சொல்கிறேன். சாதாரண தயமின் தண்ணீரில் கரைவது. குடலில் அதை உள்ளே கொண்டுபோகும் வாசல் குறுகியது, ஒரு வேளைக்குச் சில மில்லிகிராம்தான் நன்றாக உள்ளே போகும், மது அதையும் அடைத்துவிடும். இதற்கு ஜப்பானில் வழி தேடினார்கள். 1951-ல் கியோட்டோவில் ஃபுஜிவாரா குழுவினர் பூண்டும் தயமினும் சேரும்போது கொழுப்பில் கரையும் ஒரு பி1 உண்டாவதைக் கண்டார்கள். அதற்கு அல்லிதயமின் என்று பெயர். அதைப் பின்பற்றிச் செயற்கையாகப் பல வடிவங்கள் வந்தன, ஃபர்சல்டியமின் அதில் ஒன்று. பென்ஃபோடியமினும் அதே தேடலில் பிறந்ததுதான். அதைச் சாப்பிட்டால் ரத்தத்தில் தயமின் அளவு, அதே அளவு சாதாரண மாத்திரையைவிடப் பல மடங்கு ஏறும். ஆனால் மூளைக்குள் அந்த அளவு ஏறுவதில்லை. அதனால் அப்பாவுக்கு டாக்டர் எழுதிய தயமின் மாத்திரையையே தொடருங்கள். திரும்பத் தள்ளாட்டமோ குழப்பமோ வந்தால் மாத்திரை தேடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சர்க்கரை நோயாளிகளின் பாத எரிச்சலுக்கு பென்ஃபோடியமின் எழுதுவது வேறு கணக்கு. சில வாரங்கள் நடந்த சிறிய சோதனைகளில் வலி கொஞ்சம் குறைந்தது. முதல் வகைச் சர்க்கரை உள்ளவர்களுக்கு 24 மாதம் கொடுத்துப் பார்த்ததில் நரம்பின் வேலையில் மாற்றம் தெரியவில்லை. கீதா, அம்மாவுக்கு அதனால் கெடுதல் இல்லை, ஆனால் பெரிய எதிர்பார்ப்பும் வேண்டாம். எதிர்பார்ப்பு முழுக்க பி12 மேல் இருக்கட்டும்.

ராகவன் சார், பி1 விஷயத்தில் நம் பாட்டிமார்கள் பக்கம் நான் நிற்கிறேன். குத்தும் முன் நெல்லை அவிக்கும்போதே தவிட்டில் இருக்கும் பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. ஆந்திரக் கடற்கரையில் ஆலையில் தீட்டிய பச்சரிசி சாப்பிட்டவர்களிடம் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய் பரவலாக இருந்த காலத்தில், புழுங்கலரிசி சாப்பிட்டவர்களிடம் அது அபூர்வம். 1936-ல் தயமினை முதன்முதலில் செயற்கையாகச் செய்த ராபர்ட் வில்லியம்ஸ் பிறந்த ஊரும் அந்தப் பக்கம்தான், நெல்லூர். பாதிரியார் குடும்பத்துப் பிள்ளை.

தானே_ராகவன்:
புழுங்கலரிசி விஷயம் மனதுக்கு நிறைவாக இருந்தது டீச்சர். பி12 பற்றி நீங்கள் சொன்னதைத் தங்கைக்கு அனுப்பிவிட்டேன். ஆனால் ஒரு கேள்வியை விடமாட்டேன். குறை பி12-ல் என்றால் பி12 மட்டும் கொடுக்கலாமே? ஒரு மாத்திரையில் ஐந்து, எட்டு, பத்துச் சரக்கு எதற்கு? விலையும் அதற்கேற்ப ஏறுகிறது.

சயான்_பார்மசிஸ்ட்:
சார், இந்தக் கேள்வியில் நான் முழுக்க உங்கள் கட்சி. கடையில் நிற்கும் எனக்கு இது தினசரி வருத்தம். பி12 மட்டும் உள்ள மாத்திரை இருக்கிறது, விலை மிகக் குறைவு, ஜன் ஔஷதி கடைகளில் இன்னும் குறைவு. பத்துச் சரக்கு சேர்ந்த அட்டையில், எது வேலை செய்தது எது தொந்தரவு தந்தது என்று யாருக்கும் கண்டுபிடிக்க முடியாது. நான் பார்மசிஸ்ட், சீட்டில் எழுதியதை மாற்ற எனக்கு உரிமையில்லை. ஆனால் நோயாளி டாக்டரிடம் "இதில் எனக்குக் கட்டாயம் வேண்டியது எது?" என்று கேட்கலாம். கேட்டவர்களுக்குப் பல நேரம் சீட்டு சுருங்கித்தான் வந்திருக்கிறது.

வாஷி_கார்த்திக்:
இடையில் வந்து கேட்பதற்கு மன்னிக்கவும். ஆபீஸில் ஒரு நண்பருக்கு வைட்டமின் டி குறைவு, 60,000 யூனிட் கேப்சூல் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தினமும் ஒன்று போடுகிறார். சரிதானா?

சயான்_பார்மசிஸ்ட்:
கார்த்திக், இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள், எழுதிய டாக்டரிடம் கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள். 60,000 பொதுவாக வாரத்துக்கு ஒன்று, சுமார் எட்டு வாரம், அப்புறம் இடைவெளி. ஒரு நாளைய தேவை 600 யூனிட், அந்தக் கேப்சூல் அதற்கு நூறு மடங்கு. கொழுப்பில் கரைவது என்பதால் பி வைட்டமின் மாதிரி சிறுநீரில் போகாது, உடம்பிலேயே தங்கும். கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர், கடைசியில் கிட்னி வரை பாதிக்கும். அவருக்கு இதில் ஏதாவது இருந்தால் ரத்தத்தில் கால்சியமும், கிட்னி நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் பார்க்க வேண்டும்.

செம்பூர்_கீதா:
அம்மா ஊசிக்கு ஒத்துக்கொண்டார்! ஹைட்ராக்சோ கதையைச் சொன்னதும் சித்தப்பாவே கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். அட்டையில் பைரிடாக்சின் 3 மில்லிகிராம்தான். டாக்டரிடமும் கேட்டேன், ஊசி முடிந்ததும் வெறும் பி12 மாத்திரைக்கு மாற்றலாம் என்றார். ஆனால் ஊசி போடும் அளவுக்குக் குறைந்த பி12 வெறும் மாத்திரையில் எப்படி ஏறும்? ஆயுசு முழுக்கப் போட வேண்டுமா? எரிச்சல் எப்போது அடங்கும்?

வடாலா_டீச்சர்:
நல்ல செய்தி கீதா. உணவில் வரும் பி12 வயிற்றில் இன்ட்ரின்சிக் ஃபேக்டர் என்ற புரதத்தோடு சேர்ந்துதான் குடலில் உள்ளே போகும், அந்த வழியில் ஒரு வேளைக்கு 2 மைக்ரோகிராம் அளவுக்கு மேல் போகாது. அது இல்லாமலும், விழுங்கியதில் நூற்றில் ஒரு பங்கு தானாகவே கசிந்து உள்ளே போகும். 1000 மைக்ரோகிராம் மாத்திரை என்றால் 10 மைக்ரோகிராம், தேவைக்கு மேலேயே. அதனால்தான் மாத்திரையில் இவ்வளவு பெரிய அளவு. பி12-ஐக் குறைக்கும் சைவ உணவு, மெட்ஃபார்மின், வயது மூன்றும் மாறப்போவதில்லை, ஆகவே தொடர்ந்து போட வேண்டியிருக்கும். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பரேல்_சிஸ்டர்:
எரிச்சல் உடனே அடங்காது கண்ணு. ஒரு வாரத்தில் ரத்தம் தேற ஆரம்பிக்கும், நரம்புக்கு மாதங்கள் ஆகும். ஆரம்பத்தில் சிலருக்கு ஊசி குத்துவது போல் கொஞ்சம் அதிகமாகக்கூடத் தெரியும், அதைப் பார்த்து நிறுத்திவிடாதே. அதுவரை அம்மா வீட்டுக்குள்ளும் செருப்புப் போடட்டும், ராத்திரி படுக்கும் முன் பாதத்தை நீயே வெளிச்சத்தில் பார். உணர்ச்சி இல்லாத காலில் சின்ன முள் குத்தினாலும் அவருக்குத் தெரியாது.

செம்பூர்_கீதா:
சரி சிஸ்டர், அப்படியே செய்கிறேன். அடுத்த டெஸ்ட் எப்போது எடுக்க வேண்டும்? எனக்கும் ஒன்று எடுக்கலாம் என்று நினைக்கிறேன், நானும் சைவம்தான்.

சயான்_பார்மசிஸ்ட்:
அம்மாவுக்கு ஊசி போட்ட சூட்டோடு பி12 பார்த்தால் எண் எகிறி நிற்கும், அதற்கு அர்த்தம் இல்லை. எப்போது பார்ப்பது என்று டாக்டர் சொல்வார். உங்களுக்கு எடுப்பதாக இருந்தால், முடி கொட்டுவதற்கு பயோட்டின் மாத்திரை போடுகிறீர்களா என்று பாருங்கள். அதிக பயோட்டின் சில லேப் இயந்திரங்களில் பி12-ஐ உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும், குறை இருந்தும் தெரியாமல் போகும். எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று லேப்பில் கேட்டுவிட்டு ரத்தம் கொடுங்கள்.